சொந்தமாகக் கட்டிய கப்பலோடு சண்டைக்குப் போவது எப்படி? காஸ்மோட்டீர் போட்டிகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

காஸ்மோட்டீர், மேலிருந்து பார்த்து விளையாடும் விண்வெளி விளையாட்டு. ரியாக்டர், பீரங்கி, நடைபாதை, ஆட்கள் தங்கும் அறை என்று கட்டம் கட்டமாக வைத்துக் கப்பலை நீங்களே கட்ட வேண்டும். அப்புறம் அதை நீங்களே ஓட்டிச் சண்டை போட வேண்டும். வால்டர்னேட் ரியாலிட்டீஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. பல வருடங்கள் இலவசப் பதிப்பாக வளர்ந்து, 2022 அக்டோபரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்பனைக்கு வந்தது.

தனியாக விளையாடினாலே நேரம் போவது தெரியாது. ஆனாலும் இதன் அசல் ருசி போட்டிகளில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பட்ஜெட். அதற்குள் ஆளுக்கொரு கப்பல் கட்டிக்கொண்டு வந்து மோத வேண்டும். கை வேகம் கொஞ்சம் உதவும். பெரும்பாலும் சண்டையின் முடிவு, கப்பல் வரையப்பட்ட அன்றே பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

விளையாட்டின் பயிற்சிப் பாடங்களை முடித்து, பறக்கக்கூடிய ஏதோ ஒரு கப்பலைக் கட்டத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். புதியவர்களின் கப்பல்களில் ஆயுதத்துக்குப் பஞ்சமே இருக்காது. அந்த ஆயுதங்களுக்கு மின்சாரமும் குண்டும் நேரத்துக்குப் போய்ச் சேராது, அதனால்தான் தோற்கிறார்கள். இந்த விளையாட்டில் மின்சாரம் கம்பி வழியாகப் போவதில்லை. கப்பலுக்குள் இருக்கும் குட்டி மனிதர்கள் ரியாக்டரில் இருந்து பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய்க் கொடுக்கிறார்கள். கீழே வரும் பாதி அறிவுரை இந்த ஒன்றில் இருந்து பிறப்பதுதான்.

முதலில் விதிகள்

கட்டும் திரையைத் திறப்பதற்கு முன்னால் போட்டி நடத்துபவர் கொடுத்த விதிகளை முழுதாகப் படியுங்கள். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பாதிக் கப்பல் கட்டிய பிறகு ‘அயன் பீமுக்குத் தடை’ (அது ஒரு கதிர் ஆயுதம்) என்ற வரியைக் கண்டுபிடிப்பது பெரிய எரிச்சல்.

கவனிக்க வேண்டியவை: ஒரு ஆளுக்கு எத்தனை கிரெடிட் (விளையாட்டுக்குள் இருக்கும் பணம்), அது ஒரே கப்பலுக்கா, பல கப்பல்களாகப் பிரித்துக்கொள்ளலாமா, எந்தப் பாகங்களுக்குத் தடை, எதற்கு எண்ணிக்கை வரம்பு, மாட்கள் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்த கூடுதல் கோப்புகள்) அனுமதி உண்டா, சுற்றுகளுக்கு நடுவில் கப்பலைத் திருத்தலாமா, இல்லை ஒரு முறை அனுப்பினால் அதோடு பூட்டிவிடுவார்களா, நேரம் முடிந்தும் இரண்டு கப்பலும் உயிரோடு இருந்தால் யார் வென்றதாகக் கணக்கு.

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. நேரம் முடிந்ததும் மிச்சம் இருக்கும் கப்பலின் மதிப்பைப் பார்த்து முடிவு சொல்வார்கள் என்றால், தூரத்தில் நின்று அடித்துவிட்டு ஓடும் கப்பலுக்கு அது வரம். சமநிலை என்று அறிவிப்பார்கள் என்றால் அதே கப்பல் வீண்.

விதிகளைப் படிப்பதே பாதி வடிவமைப்பு என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1981இல் கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோவில், டிராவலர் என்ற மேசை விளையாட்டுக்குத் தேசியப் போட்டி ஒன்று நடந்தது. ஒரு டிரில்லியன் கிரெடிட்டுக்குள் ஆளுக்கொரு விண்கலப் படையை வடிவமைத்து மோதவிட வேண்டும். டக்ளஸ் லெனட் என்ற கணினி ஆய்வாளர் அந்த விளையாட்டை அதற்கு முன் விளையாடியதே இல்லை. தான் எழுதிய யூரிஸ்கோ என்ற நிரலுக்கு விதிகளை ஊட்டி, இரவுகளில் கணினிகளை ஓடவிட்டு, அது சொன்ன படையை லெனட் சரிபார்த்து எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் நேர்த்தியான, வேகமான கப்பல்களோடு வந்தார்கள். இவருடையது நகரவே சிரமப்படும், கவசம் தடித்த, சின்ன ஆயுதங்கள் ஏராளமாகப் பொருத்திய 96 கலங்கள். பார்த்தவர்கள் சிரித்தார்களாம். லெனட் வென்றார். அடுத்த வருடம் விதிகளை மாற்றினார்கள். கப்பல்கள் நகர்ந்தாக வேண்டும் என்றார்கள். அடிபட்டு வேகம் குறைந்த தன் கப்பலைத் தானே அழித்துவிட்டு, மீதிப் படையின் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டது யூரிஸ்கோவின் படை. 1982இலும் அவரே சாம்பியன். மறுபடி வந்தால் போட்டியையே நிறுத்திவிடுவோம் என்று நடத்துபவர்கள் சொன்ன பிறகுதான் அவர் ஒதுங்கினார்.

நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம், நட்பு போய்விடும். ஆனால் விதிகளில் எது மலிவாக விடப்பட்டிருக்கிறது, எதைத் தடுக்க மறந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் கண் வேண்டும். சந்தேகமான இடுக்கு ஏதாவது கண்ணில் பட்டால், போட்டிக்கு முன்பே நடத்துபவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

எந்த மாதிரிக் கப்பல்?

கட்டுவதற்கு முன் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்: ‘என் கப்பல் இப்படி ஜெயிக்கும்.’ அந்த வாக்கியத்தில் இரண்டு ‘மற்றும்’ வந்தால் திட்டம் இன்னும் சரியாகவில்லை. கொஞ்சம் லேசர், கொஞ்சம் ஏவுகணை, முன்னால் ஒரு ரெயில்கன் என்று கலந்து கட்டுவதுதான் புதியவர்களின் இயல்பு. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் சிறந்த தூரம் வேறு, தேவைப்படும் சரக்கு வேறு. எல்லாம் கலந்தால் எந்தத் தூரத்தில் நின்றாலும் பாதி ஆயுதம் சும்மா இருக்கும்.

முதல் போட்டிக்கு நான் பரிந்துரைப்பது பீரங்கிச் சுவர். கப்பலின் முகம் அகலமாக இருக்கும். முகம் முழுக்கப் பீரங்கி, அதற்கு முன்னால் கவசமும் ஷீல்டும் (மின்சாரத்தில் ஓடும் கேடயம்). நேராக எதிரியிடம் போய் முகம் காட்டி அடிப்பதுதான் வேலை. ஓட்டுவது சுலபம், தவறு நடந்தாலும் ஒரே நொடியில் சாகாது. அழகில்லை என்பது உண்மைதான்.

ரெயில்கன் வேறு ரகம். குழலின் பின்னால் முடுக்கிகளை வரிசையாகக் கோர்த்துக்கொண்டே போகலாம். நீளம் கூடக் கூட அடி பலமாகும், குண்டு கப்பலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஆனால் அது கப்பலின் முகம் பார்த்த திசையில்தான் சுடும். எதிரி பக்கவாட்டில் நழுவினால் நீங்களும் திரும்பியாக வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கையில் அது பயங்கரம். புதியவர் கையில் இருந்தால் பெரும்பாலும் வெற்று வெளியைத்தான் சுடும்.

அயன் பீமும் அப்படித்தான், முன்பக்க ஆயுதம். பல உமிழிகளின் கதிர்களைப் பிரிசம் வழியாக ஒன்று சேர்த்து ஒரே பெரிய கதிராக்கலாம். பார்க்கக் கண் நிறையும். ஆனால் சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு புதிய கதிரின் பலனும் குறையும், மின்சாரப் பசியோ குறையாது. ஏவுகணைகள் தேடிப் போய் அடிக்கும். எதிரி தற்காப்புத் துப்பாக்கிகளை நிறைய வைத்திருந்தால் பாதி வழியிலேயே வெடித்துப் போகும். டிஸ்ரப்டர் எதிரியின் பாகங்களில் இருக்கும் மின்சாரத்தை உறிஞ்சும். ஷீல்டை நம்பி இருக்கும் கப்பலுக்கு அது எமன். தனியாக அதனால் கொல்ல முடியாது என்பதால் பீரங்கிக்கோ லேசருக்கோ துணையாக மட்டும் வையுங்கள்.

தூரத்திலேயே நின்று, எதிரி நெருங்க நெருங்கப் பின்வாங்கிக்கொண்டு சுடும் கப்பல்களும் உண்டு. அவற்றைக் கட்டுவதைவிட ஓட்டுவது கடினம். இரண்டாவது போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டும் வரிசை

பலர் வெளித்தோற்றத்தை முதலில் வரைந்துவிட்டு உள்ளே சாமான் அடுக்குகிறார்கள். போட்டிக் கப்பலுக்கு இது தலைகீழ். உள்ளிருந்து வெளியே வாருங்கள்.

முதலில் ஆயுதங்களை வையுங்கள், அவை நிற்க வேண்டிய கோணத்தில். கட்டும்போது கண்ணாடிப் பிரதி வசதியைப் போட்டுக்கொண்டால் இடப்பக்கம் வைப்பது வலப்பக்கமும் தானாக வந்துவிடும். வேலையும் பாதி, எடையும் சமமாக இருக்கும்.

அடுத்து ரியாக்டர். இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். ரியாக்டர் ஆயுதத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகப் பேட்டரி போய்ச் சேரும். ஆனால் ரியாக்டர் உடைந்தால் பெரிதாக வெடிக்கும். பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். ஆக, மிக அருகிலும் வைக்க முடியாது, மிகத் தூரத்திலும் வைக்க முடியாது. ஒரே ஒரு பெரிய ரியாக்டரை நடுவில் வைத்தால் கவசம் போட்டுக் காப்பது சுலபம், நடை தூரம் அதிகம். சின்ன ரியாக்டர்களை ஆயுதக் கூட்டங்களின் பின்னால் பிரித்து வைத்தால் நடை குறையும், ஆனால் கப்பல் முழுக்க வெடிகுண்டு பதித்த மாதிரி ஆகிவிடும். எனக்குப் பிடித்தது நடுவழி: பெரிய கப்பலானால் ஒன்றுக்கு மேற்பட்ட ரியாக்டர், ஒன்று வெடித்தால் இன்னொன்றைத் தொடாத தூரத்தில், எல்லாமே பீரங்கி வரிசைக்குப் பின்னால் ஒரு நடைபாதை தள்ளி.

இனி நடைபாதை. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் எத்தனை அண்டா சாம்பார் இருந்தாலும், இரண்டு வரிசை இலைக்கு நடுவில் ஒரு ஆள் போகும் இடம்தான் இருக்கிறது என்றால் கடைசி இலைக்குச் சாம்பார் வருவதற்குள் சோறு ஆறிவிடும். காஸ்மோட்டீர் கப்பலும் அதே கதைதான். பேட்டரி எடுத்துக்கொண்டு போகிறவரும், கொடுத்துவிட்டுத் திரும்புகிறவரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். அதனால்:

– ரியாக்டரில் இருந்து ஆயுத வரிசைக்கு நேர்ப்பாதை வேண்டும். ஒவ்வொரு வளைவும் நேரத்தைத் தின்னும்.

– கதவுகளைத் தாராளமாக வையுங்கள். கதவு இல்லாததால் பக்கத்து அறைக்கு ஊரைச் சுற்றிப் போகும் ஆட்களை எத்தனையோ கப்பல்களில் பார்க்கலாம்.

– நீண்ட பாதைகளில் நகரும் நடைபாதை போடுங்கள். ஆட்களை வேகமாகக் கொண்டுபோகும். ஆனால் அதற்குத் திசை உண்டு. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டாகப் போட்டால்தான் பயன்.

ஆட்கள் தங்கும் அறைகளைக் கப்பலின் மூலையில் தள்ளாதீர்கள். வேலை இல்லாதபோது அவர்கள் இருக்கும் இடம் அது. சண்டை தொடங்கியதும் அங்கிருந்துதான் ஓடி வருவார்கள். ரியாக்டருக்கும் ஆயுதத்துக்கும் இடையில், பாதையை ஒட்டி இருப்பது நல்லது. அதே சமயம் அறை உடைந்தால் உள்ளே இருக்கும் ஆட்களும் போய்விடுவார்கள். எல்லோரையும் ஒரே பெரிய அறையில் அடைத்து வைப்பது ஆபத்து.

எத்தனை ஆட்கள் வேண்டும்? சூத்திரம் எதுவும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அது உங்கள் நடைபாதையைப் பொறுத்தது. ‘போதும்’ என்று தோன்றும் எண்ணிக்கையில் சோதித்துப் பாருங்கள். ஆயுதங்களின் மின்சாரம் தீர்ந்து நின்றால் ஆட்களைக் கூட்டுங்கள். கூட்டியும் நின்றால் குறை ஆட்களிடம் இல்லை, பாதையில் இருக்கிறது.

ஆட்களுக்கு வேலைப் பிரிவு கொடுக்கும் வசதி விளையாட்டில் இருக்கிறது. இந்த நிறத்து ஆட்கள் ஷீல்டுக்கு மட்டும், அந்த நிறத்து ஆட்கள் பீரங்கிக்கு மட்டும் என்று பிரிக்கலாம். சின்னக் கப்பலுக்குத் தேவையில்லை. கொஞ்சம் பெரிதானதும் கட்டாயம் செய்யுங்கள். இல்லாவிட்டால் சண்டை நடுவில் ஷீல்டு காலியாகிக்கொண்டிருக்கும், ஆட்கள் கப்பலின் பின்கோடியில் இருக்கும், கப்பலைத் தள்ளும் எந்திரமான த்ரஸ்டருக்குப் பேட்டரி கொண்டுபோய்க்கொண்டிருப்பார்கள். என் கணக்கில், நடுத்தரப் போட்டியாளரையும் நல்ல போட்டியாளரையும் பிரிப்பது இந்த ஒரு திரைதான். பீரங்கிக்கு ஒரு கிரெடிட்டும் கூடுதலாகச் செலவழிக்காமல் அதன் வேகத்தைக் கூட்டும் வழி இது.

கட்டுப்பாட்டு அறை இல்லாமல் கப்பல் இல்லை. அதிலும் ஆட்கள் உட்கார வேண்டும், அதற்கும் மின்சாரம் வேண்டும். அது போனால் உயிரோடு இருக்கும் பீரங்கிகளும் வெறும் இரும்பு. பட்ஜெட் இடம் கொடுத்தால் இரண்டாவது ஒன்றை வேறு மூலையில் வையுங்கள். கப்பல் இரண்டாக உடைந்தாலும், கட்டுப்பாட்டு அறை இருக்கும் துண்டு தொடர்ந்து சண்டை போடும்.

த்ரஸ்டர்களுக்கு வருவோம். முன்னால் போக மட்டும் பின்பக்கம் வரிசையாக வைத்துவிட்டு மற்ற திசைகளை மறந்துவிடுவார்கள். போட்டியில் முக்கியமானது திரும்பும் வேகமும் பின்வாங்கும் வேகமும். கப்பலின் நடுப்புள்ளியில் இருந்து தள்ளி ஓரங்களில் வைக்கும் த்ரஸ்டர் திருப்புவதற்கு நன்றாக உதவும். த்ரஸ்டருக்கும் பேட்டரி வேண்டும் என்பதால் கப்பலின் நான்கு ஓரத்துக்கும் பாதை போக வேண்டியிருக்கும். அது தொல்லைதான், வேறு வழியில்லை.

கடைசியில் ஷீல்டும் கவசமும். ஷீல்டு தன் முன்னால் வில் மாதிரி ஒரு வளைவைக் காக்கும். அடி வாங்கும்போதெல்லாம் மின்சாரம் குறையும். ஒன்றின் வளைவு இன்னொன்றின் மேல் கொஞ்சம் படிகிற மாதிரி வைத்தால், ஒன்று காலியாகி நிரம்பும் இடைவெளியில் மற்றது தாங்கும். ஷீல்டுக்குப் போகும் பாதை, ஆயுதத்துக்குப் போகும் பாதையை மறிக்கக் கூடாது. கவசம் ஆள் கேட்காது, மின்சாரம் கேட்காது. எடை மட்டும் கேட்கும். முகத்தில் தடிப்பாகவும் பக்கவாட்டில் மிதமாகவும் போடுங்கள். பின்பக்கம் பெரும்பாலும் வீண் செலவு. எதிரி உங்கள் பின்னால் வந்துவிட்டான் என்றால் கவசம் காப்பாற்றப் போவதில்லை.

கப்பல் எப்படிச் சாகும்?

கட்டி முடித்ததும் உங்கள் கப்பலை எதிரியின் கண்ணால் பாருங்கள். எங்கே அடித்தால் சீக்கிரம் சாகும்? பெரும்பாலும் பதில் ரியாக்டர். அதன் வெடிப்பு எதையெல்லாம் தொடும் என்று பாருங்கள்: இன்னொரு ரியாக்டரையா, குண்டுக் கிடங்கையா, ஒரே கட்டுப்பாட்டு அறையையா? சங்கிலி எங்கே தொடங்குகிறதோ அங்கே இரண்டு கட்டம் இடைவெளி விட்டு, நடுவில் மலிவான ஸ்ட்ரக்சர் கட்டங்களையோ கவசத்தையோ போடுங்கள்.

இன்னொன்று, கழுத்து. கப்பலின் முன் பாதியையும் பின் பாதியையும் இணைப்பது ஒரே ஒரு மெல்லிய நடைபாதை என்றால், அங்கே விழும் அடி கப்பலை இரண்டாக்கிவிடும். படங்களில் பார்க்கும் ஒல்லி இடுப்புக் கப்பல்கள் போட்டியில் ஏன் அதிகம் வருவதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

தீ பற்றினால் அணைக்க ஆட்களுக்குத் தீயணைப்பான் வேண்டும். மலிவான பாகம். இரண்டு மூன்றை இங்கங்கே வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

சோதனை, திருத்தம், மறுபடி சோதனை

கிரியேட்டிவ் மோடில் செலவில்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டிப் பார்க்கலாம், எதிர்க்கப்பல்களை வரவழைத்து மோதவிடலாம். முதல் சோதனையில் எதிரியே வேண்டாம். வெற்று வெளியில் ஆயுதங்களைத் தொடர்ந்து சுடச் சொல்லுங்கள். மேற்கூரையை மறைத்து உள்ளே நடப்பதைப் பார்க்கும் காட்சிக்கு மாறுங்கள். முதல் அரை நிமிடம் எல்லாம் பிரமாதமாக இருக்கும், ஏனென்றால் எல்லாப் பாகங்களும் நிரம்பிய நிலையில் தொடங்குகின்றன. பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு. எந்தப் பீரங்கி முதலில் திணறுகிறது? ஆட்கள் எந்த மூலையில் கூடி நிற்கிறார்கள்? யாராவது நீண்ட தூரம் வெறும் கையோடு நடக்கிறார்களா?

அடுத்து விளையாட்டோடு வரும் கப்பல்களில் உங்கள் விலைக்குச் சமமான ஒன்றோடு மோதுங்கள். பிறகு உங்கள் பழைய வடிவத்தோடு. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ரியாக்டரையும் நகர்த்தி, ஷீல்டையும் கூட்டினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு வடிவத்தையும் தனிப் பெயரில் சேமியுங்கள். ‘கடைசி’, ‘கடைசி புதுசு’, ‘உண்மையான கடைசி’ என்று பெயர் வைக்கிறவர்கள் போட்டி அன்று எதைத் திறப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள்; எண் போடுங்கள்.

கணினி ஓட்டும் கப்பலை ஜெயித்துவிட்டோம் என்று மயங்க வேண்டாம். அது நேராக வரும், ஏமாறும். மனிதர் அப்படி வரமாட்டார். யாராவது ஒரு நண்பரைப் பிடித்து, போட்டிக்கு முன் சில சண்டையாவது போட்டுப் பாருங்கள்.

விலையை இங்கேயே சரிபாருங்கள். வரம்பைவிட ஒரு கிரெடிட் கூடினாலும் கப்பலைத் தள்ளுபடி செய்ய நடத்துபவருக்கு உரிமை உண்டு.

கப்பலை அனுப்புவது

காஸ்மோட்டீர் உங்கள் கப்பலை ஒரு பிஎன்ஜி படமாகச் சேமிக்கிறது. பார்த்தால் கப்பலின் படம் மாதிரிதான் இருக்கும். முழு வடிவமைப்பும் அந்தப் படத்துக்குள்ளேயே மறைந்திருக்கும். விளையாட்டில் திறந்தால் கப்பல் அப்படியே வரும். அருமையான ஏற்பாடு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வாட்ஸப் மாதிரி செயலிகளில் படமாக அனுப்பினால், அவை படத்தைச் சுருக்கி வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். பார்க்க அதே கப்பல்தான், உள்ளே தகவல் இருக்காது. ஆவணமாக அனுப்புங்கள், அல்லது ஜிப் கோப்பில் போட்டு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதும் இதே கதைதான். அனுப்பிய கோப்பை நீங்களே ஒரு முறை பதிவிறக்கி, விளையாட்டில் திறந்து பார்த்துவிட்டால் நிம்மதி.

பூட்டும் நேரம் வரை காத்திருந்து அனுப்புவதா, சீக்கிரம் அனுப்புவதா? கப்பல்கள் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்படும் போட்டி என்றால் கடைசி நேரத்தில் அனுப்புங்கள். இல்லையென்றால் உங்கள் கப்பலைப் பார்த்து அதற்கு எதிராகவே ஒன்று கட்டிக்கொண்டு வருவார்கள். மறைவாக வைக்கும் போட்டி என்றால் முன்னதாகவே அனுப்பிவிட்டு ஓட்டிப் பழகுங்கள்.

போட்டி அன்று

அறிவிப்புகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 18:00 என்று போட்டிருந்தால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இரவு 11:30. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மறுநாள் அதிகாலை 2:00, தேதியே மாறிவிடும். ஐரோப்பாவில் கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள் என்பதால், உள்ளூர் நேரம் மட்டும் சொல்லியிருந்தால் இரண்டு முறை கணக்குப் போடுங்கள்.

எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். மாட்கள் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். லாபியை (எல்லோரும் கூடும் இணைய அறையை) நடத்துபவர் கண்டம் தாண்டி இருந்தால் கட்டளை கொஞ்சம் தாமதமாகத்தான் போகும். நொடிக்கு நொடி திசை மாற்ற வேண்டிய கப்பலை அப்படிப்பட்ட போட்டிக்குக் கொண்டுபோவது தற்கொலை. பீரங்கிச் சுவரைப் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டும்போது மூன்று பழக்கம் கைக்கு வர வேண்டும். ஒன்று, எதிரியின் மேல் தாக்குதல் கட்டளை கொடுக்கும்போதே தூரத்தையும் கோணத்தையும் சேர்த்துக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் கப்பல் அந்த முகத்தைக் காட்டிக்கொண்டே அந்தத் தூரத்தில் நிற்கப் பார்க்கும். கைகள் வேறு வேலைக்குக் கிடைக்கும். இரண்டு, குறிப்பிட்ட பாகத்தைப் பார்த்துச் சுடுவது. பொதுவாகச் சுடச் சொன்னால் அடி பரவலாக விழும். எதிரியின் ரியாக்டர் எங்கே என்று ஊகித்து அதே இடத்தில் அடி விழச் செய்தால் சண்டை பாதி நேரத்தில் முடியும். மூன்று, முகத்தில் ஒரு பக்கம் கவசம் கிழிந்ததும் கப்பலைக் கொஞ்சம் திருப்பி, கிழியாத பக்கத்தைக் காட்டுவது. இதை மட்டும் பழகினாலே உங்கள் கப்பலின் ஆயுள் கண்ணுக்குத் தெரியும்படி கூடும்.

எதிர்க்கப்பல் திரையில் தெரிந்ததும் முதல் சில நொடிகள் அதைப் படியுங்கள். நீளமாக, குறுகலாக, முகம் உங்களை நோக்கி இருந்தால் ரெயில்கன் அல்லது அயன் பீம். நேர்க்கோட்டில் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே நெருங்குங்கள். முகம் அகலமாக இருந்தால் அதுவும் சுவர்தான். அப்போது யாருடைய ஆட்கள் வேகமாக நடக்கிறார்கள் என்பதுதான் போட்டி. உருண்டையாகச் சுழன்றுகொண்டே வந்தால் அடியைச் சுற்றிலும் பரவவிடும் உத்தி. பொறுமையாகத் தூரத்தைக் காத்துச் சுடுங்கள்.

முதல் தோல்விக்குப் பிறகு

முதல் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறும் வாய்ப்பு அதிகம். ஒரு தோல்வியோடு வெளியேற்றும் முறையில் எட்டுப் பேர் இருந்தால் மொத்தமே ஏழு சண்டைதான். அதில் நாலு பேருக்குக் கிடைப்பது ஒரே ஒரு சண்டை. புதியவர்கள் முடிந்தவரை எல்லோரும் எல்லோரோடும் மோதும் லீக் முறைப் போட்டியைத் தேடுங்கள். அதே எட்டுப் பேருக்கு 28 சண்டை, உங்களுக்கு ஏழு. ஏழு விதமான கப்பலால் அடி வாங்கும் பாக்கியம்.

தோற்றதும் எதிரியிடம் கப்பல் கோப்பைக் கேளுங்கள். போட்டி முடிந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் மறுக்காமல் கொடுப்பார்கள். கட்டியவருக்கு அதுவும் ஒரு பெருமைதான். திறந்து, பீரங்கிகளைப் பார்க்காதீர்கள். ரியாக்டரில் இருந்து ஒரு பேட்டரி கடைசிப் பீரங்கிக்குப் போகும் பாதையை விரல் வைத்துப் பாருங்கள். எத்தனை கட்டம், எத்தனை வளைவு, எந்த அறையில் இருந்து ஆள் வருகிறார், வேலைப் பிரிவை எப்படிப் பிரித்திருக்கிறார். அப்புறம் உங்கள் கப்பலில் அதே பாதையை எண்ணிப் பாருங்கள்.

ஓட்டுவது பிடிக்கவில்லை, கட்டுவது மட்டும் பிடிக்கிறது என்று தெரியவந்தால் அதற்கும் இடம் உண்டு. 2009இல் வந்த கிராஜுவிட்டஸ் ஸ்பேஸ் பேட்டில்ஸ் விளையாட்டில் கப்பலை வடிவமைத்து, கட்டளைகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, சண்டையை வேடிக்கை பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை. 2015இல் வந்த ரீஅசெம்ப்ளி, கட்டம் கட்டமாகக் கப்பல் கட்டும் இன்னொரு நல்ல விளையாட்டு.

வெளியே போட்டி கிடைக்கவில்லை என்றால் நான்கு நண்பர்கள் போதும். ஆளுக்கு ஒரே பட்ஜெட், அதுவும் சின்னதாக, ஒரு மாலையில் கட்டி முடிக்கும் அளவுக்கு. சின்னக் கப்பல்கள் மோதினால் பழைய கணினியும் திணறாது, ஒவ்வொரு தவறும் பளிச்சென்று தெரியும். லீக் முறையில் ஆறு சண்டை. முதல் தடவை எந்தப் பாகத்துக்கும் தடை வைக்காதீர்கள். எதைத் தடுக்க வேண்டும் என்று ஆறாவது சண்டை முடிவதற்குள் நாலு பேருக்கும் தெரிந்துவிடும்.